ரெண்டு கடலுக்குப் போற தண்ணி

ஏப்பா, எங்கூட ஒரே தேயிலத் தோட்டத்து லயத்துல பொறந்து வளந்து, இன்னைக்கு மூட்டுவலிக்கு ஒரே தைலத்தத் தேச்சுக்கிட்டு இருக்கிற கெழட்டுப் பயலுகளா, கொஞ்சம் இப்படி ஒக்காருங்க. நேத்து எம் பேத்தி கேக்குது, "தாத்தா, தீபகற்பம்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"ன்னு. நான் சிரிச்ச சிரிப்புல கட்டுன பல்லு தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள விழுந்திருச்சு. தெரியுமாவா? அந்த வார்த்தைக்காக, தோட்டத்து வேலைய மேற்பாக்குற கண்டாக்கையாகிட்ட ஒத வாங்குன ஒரே ஆளு இந்த மலையகத்துல நான்தான்.

நான் மூணாம் வகுப்பு. மூணாம் வகுப்பு வரைக்கும் படிச்சேன்னு நெனைக்காதீங்க, மூணாம் வகுப்புலயே குடியிருந்தேன். எனக்குப் பின்னால வந்த பயலுக எல்லாம் என்னத் தாண்டிப் போவானுக. நான் பாலத்துக்குத் தூணு மாதிரி அங்கயே நிப்பேன். எழுத்து என் கண்ணுக்கு எறும்பு போற மாதிரிதான் தெரியும். ஆனா காது மட்டும் நல்ல காது. ஒரு வார்த்தைய ஒரு தடவ கேட்டா போதும், கருப்பட்டி மாதிரி வாய்க்குள்ள போட்டு நாளெல்லாம் சப்பிக்கிட்டுத் திரிவேன்.

நாடு சுதந்திரம் வாங்கி ஆறேழு வருசம் இருக்கும். நம்ம பள்ளிக்கூடம் ஞாபகம் இருக்கா? ஒத்த அறை, தகரக் கூரை. பக்கத்துலயே, வேலைக்குப் போறவங்க புள்ளைகள விட்டுட்டுப் போற புள்ளக்காம்பரா. அங்க கைக்குழந்தைக அழுகும், இங்க நாம வாய்ப்பாடு சொல்லுவோம். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பழைய வாத்தியார் ஓய்வு வாங்கிப் போயி, புதுசா ஒரு டீச்சர் வந்தாங்க. அட்டன் பக்கத்து வேதக்காரப் பொண்ணு, மாதா கோயிலுக்குப் போறவங்க. இருபது வயசு தாண்டியிருக்காது, ஒல்லியா இருப்பாங்க, ரத்தம் குடிக்கிற அட்டையப் பாத்தா அலறுவாங்க. ஒரு தகரப் பொட்டியும், ஆளு ஒசரத்துக்கு மெழுகுசீலை சுத்துன ஒரு நீளமான சாமானுமா மலையேறி வந்தாங்க. அத தூரத்துல இருந்து பாத்த நம்ம கங்காணி லயம் பூரா ஓடி, "துப்பாக்கியோட ஒரு பொம்பள வருது"ன்னு கத்திட்டாரு. பாதி சனம் கதவச் சாத்திருச்சு, மீதி சனம் வேடிக்க பாக்க ஓடுச்சு. நான் எந்தப் பாதின்னு ஒங்களுக்குத் தெரியும்.

அது துப்பாக்கி இல்ல, ஒலகம். டீச்சர் அத செவுத்து ஆணியில மாட்டி, கயித்த அவுத்து விட்டாங்க பாருங்க, மடமடன்னு உருண்டு எறங்குச்சு. வார்னிசு வாசமும் துணி வாசமும் கலந்து வந்துச்சு. அம்புட்டு நீலத்த நான் அதுவரைக்கும் ஒரே எடத்துல பாத்ததில்ல. புள்ளக்காம்பராவுல அழுத குழந்தைக்குக் கூட வாயடைச்சுப் போன மாதிரி எனக்கு ஒரு நெனப்பு.

"டீச்சர், இந்த நீலம் பூரா என்ன?"

"தண்ணி."

"எல்லாமா?"

"எல்லாம். சமுத்திரம்."

நாம மலையூத்துல இருந்து வர்ற பீலித் தண்ணிக்கு ஒரு கொடத்துக்காக முடியப் புடிச்சு சண்ட போடுற கூட்டம். நான் வாயத் தொறந்தவன் மூடல. அப்புறம் கேட்டேன், "நம்ம லயம் எங்க டீச்சர்?" அவங்க குச்சியால இந்தியாவுக்குக் கீழ சொட்டுன மாதிரி இருந்த ஒரு பச்சப் புள்ளியத் தொட்டாங்க. "இதுக்குள்ள இருக்கு."

"இதுதான் நம்ம தோட்டமா?"

"இல்ல. இது நாடு. தோட்டம் இதுக்குள்ள எங்கயோ இருக்கு, கண்ணுக்குத் தெரியாது."

யாரும் சொல்லாமலே நான் ஒக்காந்துட்டேன். வெள்ளக்காரத் தொரையோட நாட்டையும் காட்டச் சொன்னோம். காட்டுனாங்க. மேல ஒரு மூலையில கிழிஞ்ச ஒட்டுத்துணி மாதிரி இருந்துச்சு. "இம்புட்டுத் துண்டுல இருந்தா அம்புட்டு சத்தம் வருது?"ன்னு நான் கேட்டதுக்கு டீச்சர் திரும்பி நின்னு சிரிச்சாங்க. தோளு குலுங்குனத நான் பாத்தேன்.

தெனமும் காலையில பலகையில ஒரு வார்த்த. கண்டம். தீவு. நீரிணை. எரிமலை. பாலைவனம். பூமத்தியரேகை. எழுதத் தெரியாட்டி என்ன, நான் எல்லாத்தையும் லயத்துக்குக் கொண்டு வந்து வித்தேன். திட்டுறதுக்கு அதவிட நல்ல சரக்கு கெடையாது. "போடா பாலைவனம்", "வாடி பூமத்தியரேகை." அர்த்தம் தெரியாம திட்டு வாங்குனவனுக்குத்தான் கோவம் ரெண்டு மடங்கு வரும். சம்பள நாளு சாயங்காலம் நம்ம கண்டாக்கையா ஆடிக்கிட்டே வருவாரே, அப்ப நான், "மூணு பக்கமும் தண்ணி, ஒத்தப் பக்கந்தான் தரையத் தொட்டு நிக்குது, இதுதான்டா தீபகற்பம்"னு சொன்னேன். அவரு என் பின்னாலயே வந்து நின்னதுதான் என் சாதகக் கோளாறு. அந்த ஒதையோட வலி போயிருச்சு, வார்த்த போகல.

பண்பாடுன்னு ஒரு நாளு எழுதுனாங்க. "ஒரு கூட்டம் சனம் எப்படி சாப்புடுது, எப்படி சாமி கும்புடுது, எப்படி கல்யாணம் கட்டுது, எப்படி சண்ட போட்டு எப்படி சமாதானம் ஆகுது, அதெல்லாம் சேந்ததுதான் பண்பாடு"ன்னு சொன்னாங்க. சண்ட போடுற பாடம் நம்மாளுகளுக்கு ஏற்கனவே மனப்பாடம்னு நான் சொன்னேன். அது எம்புட்டு உண்மைன்னு அந்த மாசமே தெரிஞ்சுது.

அதுக்கு முந்தி இன்னொண்ணு நடந்துச்சு. ஒலகப் படம் வந்ததுல பெரியவங்களுக்குப் பயம் புடிச்சிருச்சு. இந்தியாவுல இருந்து வந்த சனத்துக்கு ஓட்டு இல்ல, பிரசாவுரிம இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்த காலம். "நம்மள எல்லாம் கப்பல்ல ஏத்தப் போறாங்க, வழி பாக்கத்தான் இந்தப் படத்த அனுப்பியிருக்காங்க"ன்னு ஒருத்தர் சொல்ல, ஒரு வாரம் ஒருத்தரும் புள்ளைகள அனுப்பல. டீச்சர் லயத்துக்கே வந்து எங்க தாத்தாவக் கூப்புட்டாங்க. எங்க தாத்தா, அதான் எங்கப்பாவப் பெத்தவரு, தோட்டத்தோட கீழ்ப்பாதி, அதான் நம்ம கீழ்டிவிசன், அதுக்குக் கோயில் தலைவரு. அவரு வந்தாருன்னா எல்லாரும் வந்த மாதிரி. துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, கோயிலுக்குள்ள போற மாதிரி செருப்பு இல்லாம வந்து படத்துக்கு முன்னால நின்னாரு. டீச்சர் இலங்கையக் காட்டுனாங்க. தாத்தா கட்டவெரல அது மேல வச்சாரு. நாடே மறைஞ்சிருச்சு. வெரல எடுத்தாரு, பாத்தாரு, மறுபடியும் வச்சாரு.

"இத்தன பெரிய ஒலகத்துல, இம்புட்டு எடத்துல போயி நாங்க கூடுதலா இருக்கோம்னு சொல்றாங்களா தாயி?"

வெளிய வந்து, "புள்ளைகள அனுப்புங்க"ன்னு சொல்லிட்டு நடந்தாரு. மறுநாளு எல்லாப் புள்ளைகளும் பள்ளிக்கூடம் வந்துச்சு.

அப்பேர்ப்பட்ட தாத்தாதான் அடுத்த வாரமே ஒரு ஓடைக்காக ஒலகத்தையே ரெண்டாப் பொளந்தாரு. அதத்தான் சொல்ல வந்தேன்.

எங்கப்பாவோட தங்கச்சி, எங்க அத்தை, ஒங்களுக்குத் தெரியும். கொழுந்து எடுக்கறதுல கையும் வாயும் ஒண்ணுக்கொண்ணு போட்டி போடும். அவங்கள மேல்டிவிசன் தலைவரோட மகனுக்குப் பேசி, வெத்தல பாக்கு மாத்தியாச்சு. மாரியம்மன் திருவிழா முடிஞ்ச கையோட கல்யாணம். அத்தைக்கு அந்த மாமாவ ரொம்பப் புடிக்கும். அவரு பேர எடுத்தாலே கூடைய ஒரு தடவ எறக்கி ஒரு தடவ மாட்டுவாங்க.

அந்த வருசம் பனி கருக்கி, வெயிலு கொளுத்தி, மழையே இல்லாமப் போச்சு. தேயில கருகுன வாசம் லயத்துக் காம்பராவுக்குள்ள வந்துச்சு. பீலியில சொட்டுச் சொட்டா விழுறத எண்ணிக்கிட்டே தூங்கிருவோம். திருவிழாவுக்குக் கரகம் பாலிக்கணும்ல? ஓடுற தண்ணிய செம்புல மொண்டு, வேப்பிலையும் பூவும் கட்டி, பூசாரி தலையில ஏத்தி, தப்பு மேளம் அடிச்சுக் கோயிலுக்குக் கொண்டு போகணும். ரெண்டு டிவிசனுக்கும் ஒரே கோயிலு, அது கீழ்டிவிசன்ல இருக்கு. கரகம் எப்பவும் கீழ்டிவிசன் ஓடையிலதான். அந்த வருசம் அந்த ஓடையில கல்லு மட்டுந்தான் இருந்துச்சு.

சம்பந்தி ரெண்டு பேரும் எங்க காம்பரா வாசல்ல, திண்ண மாதிரி இருக்கிற இஸ்தோப்புல ஒக்காந்து பேசுனாங்க. நான் தூணுக்குப் பின்னால. அத்தை உள்ள அரிசி பொடச்சிக்கிட்டு இருந்தாங்க.

"சம்பந்தி, ஒங்க ஓடையில நண்டு கூட இப்ப நடந்துதான் போகுது. எங்க ஓடையில இன்னும் மொழங்காலு அளவுக்கு ஓடுது. இந்த வருசம் அங்க வந்து கரகம் பாலிங்க"ன்னாரு மேல்டிவிசன் தலைவரு. நல்ல மனசோடதான் சொன்னாரு.

தாத்தா வெத்தலைய மென்னு முடிச்சாரு. "அது ஒங்க டிவிசன் தண்ணியாச்சே."

"தண்ணிக்கு ஏதுங்க டிவிசன்?"

"ஏன் இல்ல? காலையில வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுல ஒங்களுக்குத் தனியா பேரு கூப்புடுறாங்க, எங்களுக்குத் தனியா கூப்புடுறாங்க. மலை வேற, தராசு வேற, கணக்கப்பிள்ளை வேற. தண்ணி மட்டும் எப்படி ஒண்ணாகும்? எங்க கோயில்ல ஒங்க தண்ணி ஏறுச்சுன்னா நாளைக்குக் கோயிலும் ஒங்க கணக்குல போயிரும்."

சிரிக்காதீங்கப்பா. அந்தக் காலத்துல நமக்கு அப்படித்தான். மனுசன், மலை, மாடு எல்லாத்துக்கும் ஏதாவது ஒரு டிவிசன்ல பேரு பதிஞ்சிருக்கணும். பேரு பதியாதது எதுவும் ஒலகத்துல இல்ல. ஆத்துக்கும் பெரட்டுல பேரு கூப்புடுவாங்கன்னு நெனைக்கிற சனம் நம்மளத் தவுர வேற எங்கயும் இருந்திருக்காது.

மேல்டிவிசன் தலைவருக்கு மொகம் செவந்துச்சு. "அப்ப ஒங்க பொண்ணு மட்டும் எங்க டிவிசனுக்கு வரலாமோ? அவ பேரும் எங்க கணக்குலதான ஏறும்?"

"ஏற வேணாம்"னாரு தாத்தா. அம்புட்டுதான். ஒரே வார்த்தையில கல்யாணம் நின்னுபோச்சு. வந்தவரு துண்ட ஒதறிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

உள்ள சொளகு சத்தம் நின்னுச்சு. அத்தை அழுவாங்கன்னு போனேன். அவங்க அரிசியில கல்லப் பொறுக்கிக்கிட்டே சொன்னாங்க, "மருமகனே, தண்ணிக்குப் பேரு போடுற ஊரு இந்த ஒலகத்துல வேற எங்கயாச்சும் இருக்கான்னு ஒங்க டீச்சர்கிட்ட கேட்டுட்டு வாடா." கொரலு சாதாரணமாத்தான் இருந்துச்சு. பொறுக்குன கல்ல எல்லாம் திரும்ப அரிசியிலயே போட்டுக்கிட்டு இருந்தாங்க.

நான் கேட்டேன். டீச்சர் சிரிக்கல. பலகையில ஒரு புது வார்த்த எழுதுனாங்க. நீர்பிரிமேடு. "வாங்க, போயிப் பாத்துட்டு வருவோம்"னு ஒரு போத்தல்ல தண்ணி எடுத்துக்கிட்டாங்க.

ரெண்டு டிவிசனுக்கும் நடுவுல மலை உச்சியில மொட்டப்பாறை இருக்கே, அங்க கூட்டிக்கிட்டுப் போனாங்க. நாம வெறகு பொறுக்க நூறு தடவ போன எடந்தான். டீச்சர் பாறை முதுகுல நின்னு போத்தலக் கவுத்தாங்க. எனக்குத் தாகம், வயிறு எரிஞ்சுது. தண்ணி பாறையில விழுந்து ஒரு நிமிசம் யோசிச்ச மாதிரி நின்னுச்சு. அப்புறம் ரெண்டாப் பிரிஞ்சு, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

"இந்தப் பக்கம் போறது மேல்டிவிசன் ஓடை. அது நோட்டன் பிரிட்ஜ் போயி, கினிகத்தேனைக்கு அங்கிட்டு எறங்கி, களனி கங்கையில சேந்து, கொழும்புல கடலுக்குப் போகும். அந்தப் பக்கம் போறது கீழ்டிவிசன் ஓடை. அது கொத்மலைப் பக்கமா போயி, மகாவலியில சேந்து, நாட்டையே சுத்தி நடந்து, திருகோணமலையில கடலுக்குப் போகும்."

எல்லாரும் குனிஞ்சு காலடியப் பாத்தோம். நாம காலு வச்சு நின்ன பாறையில இருந்து நாட்டோட ரெண்டு ஓரத்துக்கும் வழி போகுதுன்னா! நாம நெனச்சது, ஒலகம் எங்கயோ இருக்கு, நாம அதோட கொல்லையில கெடக்கோம்னு. அப்புறம் டீச்சர் அங்கிட்டுத் திரும்புன நேரத்துல நாம ஆளுக்கொரு தடவ துப்பிப் பாத்தோமே, யாரு துப்புனது கொழும்புக்குப் போகுதுன்னு? என்னது போகல, வெயில்ல பாதியிலயே காஞ்சுபோச்சு. எனக்கு அப்பவே அம்புட்டுதான் ராசி.

"அப்ப டீச்சர், ரெண்டு தண்ணியும் பிரிஞ்சா பிரிஞ்சதுதானா? சேரவே சேராதா?"

"படத்துல தேடிப் பாரு"ன்னாங்க.

எல்லாரும் வீட்டுக்குப் போன பெறகு நான் மட்டும் படத்துக்கு முன்னால நின்னேன். எழுத்துத் தெரியாதவனுக்கு வெரலுதான் கண்ணு. கொழும்பு எங்கன்னு டீச்சர் காட்டிட்டுப் போயிருந்தாங்க. அங்க வெரல வச்சு, நீலத்துலயே கீழ எறக்கி, தெக்குமுனையச் சுத்தி, கெழக்குப் பக்கமா மேல ஏத்துனேன். திருகோணமலை வந்திருச்சு. வெரலு நீலத்த விட்டு வெளிய வரவே இல்ல. மறுபடியும் சுத்துனேன். எம்புட்டுத் தடவ சுத்துனேனோ. தீவுன்னு பலகையில எழுதுனப்ப வெறும் வார்த்தையாத்தான் வாயில கெடந்துச்சு. அன்னைக்குத்தான் அது தொண்டைக்குள்ள எறங்குச்சு. ஒடம்பு பூரா சிலுத்துப்போச்சு. பிரிஞ்சு போறதுக்கு வழியே இல்லியேப்பா!

ஓடி வந்து அத்தைகிட்ட சொன்னேன். அத்தை கையில இருந்த சொளக ஓரமா வச்சாங்க. அப்புறம் கேட்டாங்க, "சரி, அந்த மொட்டப்பாறை எந்த டிவிசன்டா?"

யோசிச்சுப் பாத்தேன். அங்க ஒரு தேயிலச் செடி கெடையாது. தேயில இல்லாத எடத்துக்குக் கணக்கு இல்ல, கணக்கு இல்லாத எடம் யாரு பேருலயும் இல்ல. "ஒரு டிவிசனும் இல்ல அத்தை."

அத்தை எந்திரிச்சு தலைய அள்ளி முடிஞ்சாங்க. நான் அப்ப பயந்தேன்.

மறுநாளு எல்லைமலையில ரெண்டு டிவிசன் பொம்பளைகளும் பக்கத்துப் பக்கத்துல கொழுந்து எடுத்தாங்க. நான் தேத்தண்ணி வாளி கொண்டு போயிருந்தேன். அத்தை அங்கிட்டும் இங்கிட்டும் கேக்குற மாதிரி சொன்னாங்க, "ரெண்டு ஓடத் தண்ணியையும் மொட்டப்பாறைக்குக் கொண்டு போயி அங்க கரகம் பாலிப்போம். ஆம்பளைக ஒத்துக்கலைன்னா எந்தக் காம்பராவுல இருந்தும் மாவெளக்கு வராது, பொங்கப்பானையும் வராது. வெறும் தப்ப வச்சு அவுங்களே திருவிழா நடத்தட்டும்."

மேல்டிவிசன் கெழவி ஒண்ணு எக்கிப் பாத்துச்சு. "ஏன்டி, ஒன் கல்யாணத்துக்காக ஆத்தாள மலையேத்துறியா?"

"ஆமா பெரியம்மா. ஆத்தா பேரே மாரிதான? மாரின்னா மழ. மழ மொதல்ல எங்க விழுது? ஒங்க காம்பராவுலயா, பாறையிலயா?"

கெழவி வெத்தலையக் கன்னத்துல ஒதுக்குச்சு. "சொன்னா சொன்ன மாதிரித்தான் இருக்கு"ன்னுட்டு கொழுந்தக் கிள்ளிப் போட்டுச்சு. அம்புட்டு பொம்பளைகளும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு ரெண்டு பள்ளத்துலயும் எறங்கிப் போச்சு.

தாத்தா குதிச்சாரு. "வேதக்காரப் பொண்ணு சொல்லி நம்ம சாமி எடம் மாறுமா?"ன்னாரு. ஆனா மாவெளக்கு இல்லாத திருவிழாவ எந்தத் தலைவரும் நடத்த முடியாது. கடைசியில, "நான் எங்க தண்ணியத்தான் கொண்டு போவேன்"னாரு. அந்தப் பக்கம் அவரும் அதையேதான் சொன்னாராம். ரெண்டு பேரும் செயிச்ச மாதிரி நெனச்சுக்கிட்டாங்க. ஆனா கல்யாணத்தப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடல. அத்தை சோறு எறங்காம எளச்சுக்கிட்டே போனாங்க.

திருவிழாவுக்கு மொத நாளு சின்னதா ஒரு மழ. ஓடை நெறையல, ஆனா வானம் கழுவி வச்ச மாதிரி ஆயிருச்சு. மறுநாளு சாயங்காலம் அந்தப் பக்கமிருந்து ஒரு தப்பு, இந்தப் பக்கமிருந்து ஒரு தப்பு, ஒண்ணுக்கொண்ணு சேராம அடிச்சுக்கிட்டே ரெண்டு கூட்டமும் மலையேறுச்சு. எங்க ஓடையில பள்ளம் தோண்டி ஊற வச்ச ஒரு சொம்புத் தண்ணிய தாத்தா மாருல அணச்சு வச்சிருந்தாரு. டீச்சரும் வந்து ஓரமா நின்னாங்க. பூசாரி ரெண்டு தண்ணியையும் ஒரே செம்புல ஊத்துனாரு. சத்தமே இல்லாம ஒண்ணாப்போச்சு. தாத்தா ஒரு பக்கம் பாத்து நிக்கிறாரு, மேல்டிவிசன் தலைவரு வேற பக்கம் பாத்து நிக்கிறாரு. ரெண்டு பேரும் முதுகக் காட்டிக்கிட்டு.

அப்பத்தான் மேக்கால மேகம் வெலகுச்சு. மலைக்கு அங்கிட்டு மலை, அதுக்கு அங்கிட்டு மலை, எல்லாம் முடிஞ்ச எடத்துல, வானத்துக்குக் கீழ, பித்தளக் கம்பியப் பழுக்கக் காய்ச்சி நீட்டுன மாதிரி ஒரு கோடு. தப்புக்காரங்க கை தானா நின்னுச்சு.

"டீச்சர், அது என்னம்மா?"ன்னு யாரோ கேட்டாங்க.

டீச்சர் கண்ணுக்கு மேல கைய வச்சுப் பாத்தாங்க. "சமுத்திரம்னு நெனைக்கிறேன். நானும் பாத்ததில்ல."

அது கடலா, வெறும் வெளிச்சமான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. ஆனா நம்ம அம்புட்டு சனமும் அதப் பாத்து நின்ன மாதிரி எந்தச் சாமிய பாத்தும் நின்னதில்ல. எல்லாரோட பாட்டன் பூட்டனும் கடந்து வந்த தண்ணி. அங்க நின்னவங்கள்ல அதக் கண்ணால பாத்தவங்க ஒருத்தரும் இல்ல. தாத்தா அவரோட ஆத்தா வயித்துல இருந்தப்பக் கடந்தவரு. ரெண்டு கையையும் தூக்கிக் கும்புட்டாரு.

கும்புட்ட கை எறங்காமலே, திரும்பாமலே, கேட்டாரு: "சம்பந்தி, அங்க தெரியறது ஒங்க தண்ணிதான?"

ஒரு மாசமா வராத வார்த்த. மேல்டிவிசன் தலைவரு மெதுவா பக்கத்துல வந்து நின்னாரு. "எங்கதுதான். ஆனா ஒங்க தண்ணியும் சுத்திக்கிட்டு அங்கதான் வருதாம் சம்பந்தி. எம் மவன் சொன்னான்."

"அவனுக்கு யாரு சொன்னா?"

"ஒங்க பொண்ணு சொல்லுச்சாம்."

"எப்ப?"

எல்லாரும் அத்தையத் திரும்பிப் பாத்தாங்க. தூது போனவன், வேற யாரு, நான்தான், அதுக்குக் கூலியா பணிஸு ரொட்டி வாங்கித் தின்ன வாயத் தொடச்சிக்கிட்டு டீச்சருக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டேன். அத்தை தலையக் குனிஞ்சு நின்னாங்க. அப்புறம் நிமுந்தாங்க. அத்தன பேருக்கு முன்னால, கல்யாணப் பொண்ணு பேசக்கூடாத சத்தத்துல சொன்னாங்க:

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் எறங்கிப் போயி, அதுல எது யாரு தண்ணின்னு பிரிச்சுப் பாத்துட்டு வாங்க. திரும்பி வர்றதுக்குள்ள நாங்க தாலி கட்டிக்கிறோம்."

தாத்தா அந்தக் கோட்ட ரொம்ப நேரம் பாத்தாரு. கண்ணுல தண்ணி நிக்குது.

"அம்புட்டுத் தூரம் என்னால நடக்க முடியாது தாயி. தாலியவே கட்டுங்க."